பி.பி. கால்

அம்மான் லைன் கிடைக்க
அப்போதெல்லாம் ஆறு மணி நேரம் ஆகும்.
நான் மெட்ராஸைக் கூப்பிட்டு, மெட்ராஸ் பம்பாயைக் கூப்பிட்டு,
பம்பாய் மனசு வைத்தால் உண்டு.
அதுவரை ரங்கப்பிள்ளை வீதித் தந்தி ஆபீஸ் பெஞ்சில்
அனாடமிப் புத்தகத்தைத் தலைக்கு வைத்துத் தூங்குவான்
கோரிமேட்டிலிருந்து சைக்கிள் மிதித்து வந்த
வாஸில் ஹம்தூன், எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டு.
படிவத்தில் 'நாடு' என்ற இடத்தில்
எழுதுவான், அடிப்பான்,
மறுபடி அதையே எழுதுவான்.

அவன் பிறந்த முகாமுக்கு ஒரே போன், மளிகைக் கடையில்.
கடைக்காரர் ரிசீவரைக் கவிழ்த்து வைத்துவிட்டு
அவன் அம்மாவைக் கூட்டிவரப் போவார்.
நீளமான சந்து. அவளுக்கு மூட்டு வலி.
எங்கள் கடிகாரம் அதற்குள் மூன்று நிமிடத்தைத் தின்றுவிடும்.
நான்தான் ஜன்னல் வழியே சொன்னேன்:
பி.பி. போட்டுக்கோ தம்பி,
ஆள் வந்து பேசினால்தான் காசு.

லைனில் நாங்கள் கேட்கக் கூடாது.
கேட்போம்.
எனக்கு அரபி தெரியாதது அவன் அதிர்ஷ்டம்.
ஆனால் அவன் சொன்ன முதல் சொல்
"யம்மா."
ஹெட்செட்டைக் கழற்றிப் பார்த்தேன்,
குருசுக்குப்பத்துப் பையன் எவனாவது
குறுக்கே மாட்டிக்கொண்டானா என்று.
மறுபடியும், "யம்மா."
கால் இடறினால் நாம் சொல்கிற அதே யம்மா.

அவன் முதல் மேடை, சொல்லக் கேள்விதான்.
ஹாஸ்டல் சாம்பாரில் புழு மிதந்த அன்று
சாப்பாட்டு மேசைமேல் ஏறி நின்று
அரைகுறைத் தமிழில் பேசினானாம்:
"நான் ரேஷன் வரிசையில் பிறந்தவன்.
பருப்பில் எவ்வளவு தண்ணி, பார்த்தாலே சொல்லுவேன்."
இருநூறு தட்டுகள் கவிழ்ந்தன.
மூன்றாம் நாள் காண்ட்ராக்டர் மாறினார்.
அடுத்த முறை அவன் தனியாக வரவில்லை.
பின்னால் நாலு பேர்.
ஒருவன் ஓடிவந்து சைக்கிளை வாங்கிக்கொண்டான்.
அதைக் கவனிக்காதது போலக் கவனித்தான் வாஸில்.

பிறகு பெய்ரூட் எரிந்த கோடை. அவன் அண்ணன் அங்கே.
மூன்று நிமிடம் முடிந்ததும்
குறுக்கே புகுந்து "டைம் ஓவர்" என்பது விதி.
அந்தப் பக்கம் யாரும் பேசவில்லை.
மூச்சு மட்டும் வந்தது, பம்பாய் வழியாக, மெட்ராஸ் வழியாக,
என் காது வழியாக.
கார்டைப் பிடித்த விரல் பிடித்தபடியே இருந்தது
பதினேழு நிமிடம்.
டிக்கெட்டில் மூன்று என்று எழுதினேன்.
சூப்பர்வைசர் ஜெர்வேஸ் கணக்கில் கெட்டிக்காரர்.
மெமோ வந்தது, ஒரு இன்கிரிமென்ட் போனது.
அவனிடம் சொல்லவில்லை.

அப்புறம் எல்லாம் பேப்பரில், உள்பக்கத்தில்.
நாடு கடத்தினார்கள். சிறை. விட்டார்கள். தேர்தல்.
பெயருக்கு முன்னால் இருந்த டாக்டர்
ஏதோ ஒரு வருஷத்தில் உதிர்ந்து
தலைவர் முளைத்திருந்தது.

நேற்று டி.வி.யில் பெரிய மண்டபம்.
நரைத்த தாடி, அதே தூங்குமூஞ்சிக் கண்.
நிறையப் பேசினான். யாரும் மணி பார்க்கவில்லை.
கடைசி வரிசையில் ஒரு பையன் எழுந்து,
தொண்டை நரம்பு புடைக்க என்னவோ கேட்டான்.
வாஸில் ஒரு விரலை லேசாகத் தூக்கினான்,
ஈ விரட்டுகிற மாதிரி.
பையனின் மைக் செத்தது.
வாய் மட்டும் அசைந்துகொண்டே இருந்தது,
இரண்டு பேர் தோளைப் பிடித்து அழைத்துப் போகும்வரை.

அந்த விரலை எனக்குத் தெரியும்.
முப்பத்தொரு வருஷம் அதுதான் என் உத்தியோகம்.
ஒரே ஒரு ராத்திரி
செய்யாமல் விட்டேன்.

என் வலது கை சோபாவின் கைப்பிடியில்
எதையோ தடவித் தேடிக்கொண்டிருந்தது.
"தெரிஞ்சவரா அத்தே?" என்றார் மாப்பிள்ளை.

லைன் போட்டுக் கொடுத்திருக்கேன், என்றேன்.